எல்லையோரக் கல்யாணம்: தாங்களே ஏற்பாடு செய்கிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிற நம் தமிழ்க் குடும்பங்களில் சம்பந்தம் எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. பெண் பொள்ளாச்சி, மாப்பிள்ளை சித்தூர். இல்லாவிட்டால் பெண் கொல்லங்கோடு, மாப்பிள்ளை கிணத்துக்கடவு. சில சம்பந்தங்களில் ஒரு பக்கம் மலையாளிக் குடும்பமாகவும் இருக்கும். முன்பெல்லாம் மாமனும் சித்தப்பனும் ஓடியாடி முடித்துவிடுவார்கள். இப்போது பெண்ணும் பையனும் கோவையிலோ கொச்சியிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, சொந்தச் சம்பளத்தில், சனி ஞாயிறுகளில் வந்து தாங்களே எல்லாவற்றையும் பேசி முடிக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் எதை முடிவு செய்வது? தேதியா, மண்டபமா, பட்ஜெட்டா?

தாலி எல்லைக்கு எந்தப் பக்கம் கட்டப்போகிறீர்கள் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். முகூர்த்த நேரம், மண்டபம் எத்தனை மணி நேரம் கிடைக்கும், காலை டிபன் உண்டா, எந்த ஊர் வண்டி எங்கே வரும், எந்த ஆபீஸில் எத்தனை நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதெல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்துதான் கிளை விடும். இதைத் தள்ளிப்போட்டுவிட்டு மற்றதைப் பேசினால் எல்லாவற்றையும் இரண்டு தடவை பேச வேண்டியிருக்கும்.

இது முடிந்ததும் ஆள் கணக்கு. அதற்குப் பிறகு தேதி. பட்ஜெட் கடைசியில் வரட்டும், தப்பில்லை. ஆள் கணக்கு தெரியாமல் போட்ட பட்ஜெட் வெறும் ஆசைதான்.

சரி, எந்தப் பக்கம் வைப்பது?

செலவை வைத்து முடிவு செய்யாதீர்கள். வயதானவர்கள் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் வையுங்கள். இளவட்டங்கள் எத்தனை கிலோமீட்டர் வேண்டுமானாலும் வந்துவிடும். முட்டுவலி உள்ள அத்தையும் டயாலிசிஸ் செய்துகொள்கிற தாத்தாவும் வர மாட்டார்கள். மறுபக்கத்தில் ஒரு வரவேற்பு வைத்துக்கொள்ளலாம். அது மாலை நேரச் சாப்பாட்டோடு முடிகிற காரியம்.

இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் பெண் வீட்டுப் பக்கம் வைப்பதுதான் கேரளத்தில் பெரும்பாலும் வழக்கம். தமிழ்நாட்டுப் பக்கம் சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் மாறும். இதைப் பெரியவர்களிடம் கேட்டுவிடுங்கள். கேட்டாலே பாதிக் கோபம் போய்விடும்.

தேதி குறிப்பதில் இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போகுமா?

பெரும்பாலும் போகும். ஆடி, புரட்டாசி, மார்கழியில் நம்மவர்கள் வைப்பதில்லை. கர்க்கடகம், கன்னி, தனு மாதங்களில் மலையாளிகள் வைப்பதில்லை. இரண்டும் அதே சூரிய மாதங்கள்தான், தொடக்கத்தில் ஒரு நாள் முன்பின் இருக்கும். சிக்கல் வருவது பங்குனியில். நம் பக்கம் பங்குனியில் முகூர்த்தம் உண்டு. அங்கே மீன மாதத்தைப் பலர் தள்ளிவிடுவார்கள். ஆவணியும் தையும் எல்லோருக்கும் நல்லது. அதனாலேயே அந்த மாதங்களில் மண்டபமும் சமையல்காரரும் நாதஸ்வரக்காரரும் கிடைப்பது கஷ்டம். பூ விலையும் முகூர்த்த நாளில் தலைகீழாக ஏறும்.

பஞ்சாங்கத்தில் இல்லாத சில நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். மீனம் 20, அதாவது ஏப்ரல் தொடக்கத்தில், நெம்மாறை வல்லங்கி வேலா என்கிற கோயில் திருவிழா நடக்கும். அன்று கொல்லங்கோடு, நெம்மாறைச் சாலைகளை நம்பிப் பஸ் விடாதீர்கள். ஐப்பசிக் கடைசியில் கல்பாத்தித் தேர். பாலக்காட்டில் லாட்ஜில் அறை கிடைக்காது. கும்ப மாதத்தில், அதாவது நம் மாசியில், சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன் படை. கொங்கு நாட்டுப் படையைச் சித்தூர்க்காரர்கள் விரட்டியதைக் கொண்டாடுகிற திருவிழா அது. மாப்பிள்ளை வீட்டார் பொள்ளாச்சியிலிருந்து அன்றைக்குத்தான் வந்து இறங்க வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் விடியற்காலை முகூர்த்தம் கேட்கிறோம். அவர்கள் பத்தரை மணிக்கு மேல்தான் என்கிறார்கள். என்ன செய்ய?

அடிக்கடி வருகிற வம்பு இது. நம்மவர்களுக்கு நாலரை, ஆறு மணி முகூர்த்தம் பழக்கம். மலையாளிக் கல்யாணத்தில் உறவுக்காரர்கள் பத்து மணிக்கு மேல் வந்து, தாலி கட்டுவதைப் பார்த்து, நேரே இலையில் உட்கார்ந்து, ஒரு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். காலை ஆறு மணி என்று பத்திரிகையில் போட்டால் அந்தப் பக்கத்து நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கும்.

ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் ஒரு முகூர்த்தம் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல ஜோசியர் ராகு காலம், எமகண்டம் தள்ளி ஒன்று கண்டுபிடித்துத் தருவார். ஞாயிற்றுக்கிழமைக்கு ராகு காலம் மாலை நாலரைக்கு மேல்தான், அதனால் அன்று காலையில் பெரும்பாலும் இடம் கிடைக்கும். விடியற்காலைதான் வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடித்தால், தாலியை நெருங்கிய உறவோடு கோயிலில் முடித்துவிட்டு, மாலை மாற்றுவதையும் விருந்தையும் பத்தரை மணிக்கு மண்டபத்தில் வையுங்கள்.

குருவாயூரில் தாலி கட்டிவிட்டு ஊருக்கு வந்து விருந்து வைப்பதும் இங்கே பழக்கம்தான். அங்கே சில நிமிடங்களில் முடிந்துவிடும். 2024 செப்டம்பர் 8 ஒரே நாளில் 300-க்கும் மேற்பட்ட கல்யாணங்கள் அங்கே நடந்தன. கூட்டத்தில் உங்கள் மாமியார் தாலி கட்டுவதைப் பார்ப்பாரா என்பது அவர் உயரத்தைப் பொறுத்தது.

மண்டபம் பேசும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வாடகை எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்பதை முதலில் கேளுங்கள். தமிழ்நாட்டு மண்டபங்களில் பொதுவாக முந்தின நாள் மதியத்திலிருந்து மறுநாள் மதியம் வரை கணக்கு. நிச்சயம், வரவேற்பு, இரவுச் சாப்பாடு, காலை டிபன், முகூர்த்தம், மதியச் சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்கும். பாலக்காட்டுப் பக்கத்து ஆடிட்டோரியங்களில் பல இடங்களில் கல்யாண நாள் மட்டும்தான் தருவார்கள். முந்தின இரவு விருந்து வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு நடக்கும். பொள்ளாச்சிக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு கொழிஞ்சாம்பாறையில் அட்வான்ஸ் கொடுத்தால், முந்தின இரவு எண்பது பேரைப் படுக்க வைக்க இடம் தேடி அலைய வேண்டும்.

அடுத்தது சாப்பாட்டு ஹால். மேடை ஹாலில் ஆயிரம் நாற்காலி இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். அதில் மயங்காதீர்கள். பந்தியில் ஒரு தடவைக்கு எத்தனை இலை போடலாம் என்று கேளுங்கள். 200 இலை என்றால், ஒரு பந்தி முடிந்து துடைத்து அடுத்தது போட முப்பத்தைந்து, நாற்பது நிமிடம் ஆகும். 800 பேர் என்றால் நாலு பந்தி, ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். கேரளத்தில் எல்லோரும் தாலி முடிந்தவுடன் ஒரே நேரத்தில் சாப்பாட்டு ஹால் வாசலில் வந்து நிற்பார்கள். கதவைத் திறந்ததும் நடக்கிற தள்ளுமுள்ளைப் பார்க்காதவர்கள் இங்கே கிடையாது. இதற்கு ஒரே வழி, முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே முதல் பந்தியை ஆரம்பித்துவிடுவது. டிரைவர், பேண்டுக்காரர், தூரத்திலிருந்து வந்தவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் எல்லோரையும் அதில் உட்கார வைத்துவிடலாம்.

ஜெனரேட்டர் டீசல் யார் கணக்கு, பாத்திரம் உடைந்தால் என்ன கணக்கு, வெளிச் சமையல்காரரை விடுவார்களா, மணப்பெண் அறையில் ஏசி ஓடுமா என்பதையும் எழுதி வாங்குங்கள். ரசீதில் இல்லாதது எதுவும் பேசியதாக ஆகாது.

சாப்பாடு நம்ம பக்கமா, அவங்க பக்கமா?

இரண்டும் கலந்துதான். ஆனால் எதை எங்கே கலப்பது என்று தெரிந்து கலக்க வேண்டும்.

மதியச் சாப்பாடு சத்யா என்கிற கேரள இலை விருந்தாக இருக்கட்டும். அவியல், ஓலன், காளன், எரிசேரி, தோரன், இஞ்சிப்புளி, சர்க்கரை வரட்டி, பப்படம், அடைப்பிரதமன் என்று இலை நிறைந்தால் நம் சொந்தக்காரர்களுக்கும் சந்தோஷம்தான். சாதத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பாலக்காடன் மட்டை என்கிற சிவப்புப் புழுங்கல் அரிசியை நம் பக்கத்துப் பெரியவர்கள் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட மாட்டார்கள். பொன்னியும் மட்டையும் இரண்டு வாளியில் வரட்டும், கேட்டுப் போடச் சொல்லுங்கள். மொத்த அரிசிக்குச் சராசரியாக ஒரு கிலோவுக்குப் பத்துப் பேர் என்று சமையல்காரர்கள் வைப்பார்கள். இரண்டு வகை வைத்தால் மொத்தத்தில் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், ஒன்று முன்னாலேயே தீர்ந்துபோகும்.

ரசத்தையும் கட்டித் தயிரையும் நம் பக்கத்து முறையில் வையுங்கள். சத்யாவில் மோரும் சம்பாரமும் வரும், ஆனால் தயிர்சாதம் சாப்பிடாமல் எழுந்தால் சாப்பிட்ட மாதிரியே இல்லை என்கிறவர்கள் நம்மில் நிறைய.

காலை டிபனில்தான் பெரிய மனஸ்தாபங்கள் பிறக்கும். அங்கே பத்தரை மணிக் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவார்கள், மண்டபத்தில் டீயும் ஏதாவது பலகாரமும் போதும். உடுமலையிலிருந்து அஞ்சு மணிக்குப் பஸ் ஏறி வருகிற நம்ம ஆள், இறங்கியதும் இட்லி, பொங்கல், வடை, கெட்டிச் சட்னியைத் தேடுவார். டீயும் பழம்பொரியும் கொடுத்தால் அது பத்து வருடத்துக்குப் பேசப்படும். வெளியூர் ஆட்கள் எத்தனை பேரோ அத்தனை பேருக்காவது முழு டிபன் வையுங்கள்.

இன்னொன்று, பதிமுகம் என்கிற மரச்சீவலைப் போட்டுக் கொதிக்க வைத்த இளஞ்சிவப்புத் தண்ணீரைப் பார்த்து நம் பக்கத்துக்காரர்கள் சிலர் துருப்பிடித்த பைப் தண்ணீர் என்று ஒதுக்கிவிடுவார்கள். அடுத்து ஒரு டம்ளர் சாதாரணத் தண்ணீரும் வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

முந்தின நாள் இரவு விருந்தில் கோழி பிரியாணி வைப்பது பாலக்காட்டுப் பக்கத்தில் சகஜம். தமிழ்நாட்டு மண்டபங்கள் பலவற்றில் அசைவம் உள்ளே விடவே மாட்டார்கள். கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர் வருவார்கள் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

பத்திரிகை எண்ணிக்கையை வைத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு வீடு பெயர் எழுதுங்கள். உள்ளூர் வீட்டுக்கு நான்கு, எல்லை தாண்டிய வீட்டுக்கு இரண்டு, ஆபீஸ் நண்பர்களில் பாதி என்று போட்டால் ஏறக்குறைய சரியாக வரும். இலைக்கு மட்டும் பத்து சதவீதம் கூட்டுங்கள். கிழிந்த இலை எப்போதும் இருக்கும்.

எங்கள் பணத்தில்தான் செய்கிறோம். பணத்தைக் கையாள்வதில் என்ன கவனிக்க வேண்டும்?

மண்டப வாடகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, வெளிக் கேட்டரிங்குக்கு 5 சதவீதம். கொட்டேஷனில் இது சேர்ந்திருக்கிறதா என்று கேட்காமல் தொகையைத் தலையாட்டி ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, பிரித்துப் பிரித்து வாங்கினாலும் அதே கதைதான். வாங்கியவருக்குத்தான் அபராதம். அதனால் பெரிய தொகைகளை வங்கி வழியாகவே கொடுங்கள்.

கல்யாணத்துக்காக மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது. இந்தச் சலுகை மணமக்களுக்கு மட்டும்தான், பெற்றோருக்குக் கிடையாது. மொய் நோட்டை ஒழுங்காக எழுதி வையுங்கள். நம் பக்கம் மொய் என்பது திரும்பச் செய்ய வேண்டிய கணக்கும் கூட, அந்த நோட்டு உங்கள் அலமாரியில் முப்பது வருடம் இருக்கப்போகிறது. மலையாளி உறவுகள் கவரில் போட்டு மேடையில் கையில் கொடுப்பார்கள், மொய் மேசையைத் தேட மாட்டார்கள். மேடையில் ஒரு நம்பகமான தங்கச்சியைப் பையோடு நிறுத்துங்கள்.

தேர்தல் அறிவித்த பிறகு எல்லையைக் கடப்பது தனிக் கதை. நடத்தை விதி அமலில் இருக்கும்போது 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் ஆவணம் இல்லாமல் இருந்தால் பறக்கும் படை பிடித்து வைத்துவிடும். வாளையாறு, கோபாலபுரம், வேலந்தாவளம், மீனாட்சிபுரம் எல்லா இடத்திலும் நிறுத்திப் பார்ப்பார்கள். ஆவணம் காட்டினால் பணம் திரும்ப வரும், ஆனால் முகூர்த்தம் திரும்ப வராது. வங்கியில் எடுத்த சீட்டு, கல்யாணப் பத்திரிகை, நகை பில் மூன்றும் காரில் இருக்கட்டும்.

நகை எந்தப் பக்கம் வாங்குவது?

எந்தப் பக்கமும் வாங்கலாம், பவுன் எங்கேயும் 8 கிராம்தான், ஜிஎஸ்டியும் எங்கேயும் 3 சதவீதம்தான். செய்கூலி, சேதாரத்தில்தான் கடைக்குக் கடை வித்தியாசம், அதைப் பேசுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

தாலி யார் வழக்கப்படி என்பதை மட்டும் கடைக்குப் போகும் முன் இரண்டு வீட்டிலும் பேசி முடியுங்கள். கடையில் வைத்துப் பேசினால் விற்பனைப் பையன்தான் பஞ்சாயத்துத் தலைவர்.

இரண்டு பக்கமும் கொடுத்த பொருட்களுக்குப் பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு வைக்கச் சொல்கிறது வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1985-ஆம் வருட விதி. யாரும் செய்வதில்லை. நீங்கள் செய்யுங்கள். "இத்தனை பவுன் போடுவீர்களா" என்று எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் அது 1961-லிருந்தே குற்றம். நீங்களே நடத்துகிற கல்யாணத்தில் அந்தப் பேச்சை முதல் நாளே வெட்டிவிடலாம், அதுதான் சொந்தக் காசில் செய்வதன் பெரிய சுகம்.

பத்திரிகை எந்த மொழியில்?

ஒரே அட்டையில் ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலையாளம். இரண்டையும் தனித்தனியாகப் படித்துத் திருத்த ஆள் வையுங்கள். பெரியவர்கள் பெயரில் அழைப்பு போகட்டும், ஏற்பாடு உங்களுடையதாக இருந்தாலும். மண்டபம் எந்த மாநிலம், எந்த மாவட்டம் என்று போட மறக்காதீர்கள்.

சொந்தக்காரர்களை எப்படி எல்லை தாண்டிக் கூட்டி வருவது?

வாடகை வேன், பஸ் பேசும்போது ஆல் இந்தியா டூரிஸ்ட் பெர்மிட் இருக்கிறதா என்று கேளுங்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஓடுகிற வண்டிக்குத் தற்காலிக பெர்மிட்டும் கேரள வரியும் தேவை. பரிவாகன் என்கிற அரசு வாகன இணையதளத்தில் முன்கூட்டியே கட்டிவிடலாம். "அதெல்லாம் அங்கே பாத்துக்கலாம் சார்" என்று சொல்கிற டிரைவரோடு போனால் மணமகன் வீட்டார் செக்போஸ்ட் ஓரத்துப் புளியமரத்தடியில் முகூர்த்த நேரத்தைக் கழிக்க வேண்டியிருக்கும். பெர்மிட்டுக்கான பொறுப்பு வண்டிக்காரருடையது என்று எழுதி வாங்குங்கள்.

ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரு விஷயத்தைப் பெரிய எழுத்தில் சொல்லுங்கள்: பாலக்காடு ஜங்ஷன் இருப்பது ஒலவக்கோட்டில். பாலக்காடு டவுன் வேறு நிலையம், அது பொள்ளாச்சிப் பாதையில் இருக்கிறது. பொள்ளாச்சி, புதுநகரம், கொல்லங்கோடு, மீனாட்சிபுரம் பாதை அகலப்பாதையாகி 2015-ல் மறுபடி திறந்தது. ஆனால் அதில் ரயில்கள் குறைவு. திருவனந்தபுரத்திலிருந்து பழனி, மதுரைப் பக்கம் போகும் அமிர்தா எக்ஸ்பிரஸ் இந்த வழியாகத்தான் போகிறது. விமானத்தில் வருகிறவர்களுக்குக் கோவைதான் பக்கம்.

எங்கே, எப்போது பதிவு செய்ய வேண்டும்?

தாலி கட்டிய மாநிலத்தில் பதியுங்கள். கேரளத்தில் நடந்தால், 2008-ஆம் வருடப் பொது விதிகளின்படி, எந்த மதமானாலும் 45 நாளுக்குள் கல்யாணம் நடந்த பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ மனு கொடுக்க வேண்டும். இப்போது கே-ஸ்மார்ட் தளத்தில் இணையவழியாகவே கொடுக்கலாம். கல்யாணம் நடந்ததற்குக் கோயில், பள்ளிவாசல், சர்ச் தரும் சான்று போதும். அது இல்லாவிட்டால் கெஜட்டட் அதிகாரியோ எம்எல்ஏவோ உள்ளாட்சி உறுப்பினரோ தருகிற உறுதிமொழியும் செல்லும். வார்டு மெம்பரைக் கல்யாணத்துக்கு அழைப்பது வெறும் மரியாதைக்காக மட்டும் அல்ல.

தமிழ்நாட்டில் நடந்தால் 2009-ஆம் வருடச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. எந்த மாநிலச் சான்றிதழானாலும் நாடு முழுவதும் செல்லும்.

நிஜமான தலைவலி பெயரில்தான். நம் பக்கம் இனிஷியல் முன்னால் வரும். கேரளப் பள்ளிச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் இருக்கும், சிலருக்கு வீட்டுப் பெயரும் ஒட்டியிருக்கும். ஆதார் ஒன்று சொல்லும், எஸ்எஸ்எல்சி ஒன்று சொல்லும், பாஸ்போர்ட் மூன்றாவதாக ஒன்று சொல்லும். கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே மூன்றையும் மேசையில் வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். ஆதாரைத் திருத்துவது எளிது, அதை முதலில் செய்யுங்கள். சான்றிதழ் கைக்கு வந்த பிறகு திருத்தப் போனால் நடையாய் நடக்க வேண்டும். கணவன் பெயரைப் பின்னால் சேர்ப்பதா என்பதை மணமகளே முடிவு செய்யட்டும், சேர்க்காவிட்டால் சட்டத்தில் எந்தக் குறையும் இல்லை.

புரோகிதர் இல்லாமல் செய்யலாமா?

இதற்கு எல்லைக்கு எந்தப் பக்கம் என்பது ரொம்ப முக்கியம். இந்துக்களுக்குள் சுயமரியாதைக் கல்யாணம் செல்லும் என்று 1967-ல் தமிழக சட்டசபை கொண்டுவந்த திருத்தம், இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் மாற்றினாலோ தாலி கட்டினாலோ போதும். இந்தப் பிரிவு கேரளத்துக்கு இல்லை. கோபாலபுரத்திலிருந்து சில நிமிடம் கிழக்கே போய்ச் செய்தால் தெளிவாகச் செல்லும் கல்யாணம், மேற்கே செய்தால் வழக்கச் சடங்கு நடந்ததா என்ற கேள்விக்கு ஆளாகும். அப்படிச் செய்ய விரும்புகிறவர்கள் பொள்ளாச்சிப் பக்கம் வையுங்கள், அங்கேயே பதியுங்கள்.

அருமைக்காரர் என்கிற சடங்குப் பெரியவர் நடத்தி வைக்கிற கொங்குக் கல்யாணத்துக்கு இந்தக் கவலை வேண்டாம். அது வழக்கச் சடங்குதான், எந்தப் பக்கமும் செல்லும்.

மதம் வேறு. மாறாமல் கல்யாணம் செய்துகொள்ள வழி?

1954-ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவர் குறைந்தது 30 நாள் வசித்த மாவட்டத்தின் திருமண அதிகாரியிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சார்பதிவாளர்தான் பெரும்பாலும் அந்த அதிகாரி. நோட்டீஸ் 30 நாள் அலுவலகப் பலகையில் தொங்கும். சட்டபூர்வமான ஆட்சேபணை வராவிட்டால், நோட்டீஸ் கொடுத்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் மூன்று சாட்சிகளோடு முடிக்க வேண்டும். தள்ளிப்போனால் மறுபடி முதலிலிருந்து. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 நிறைந்திருக்க வேண்டும்.

எல்லையோர ஜோடிகள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒருவரின் நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால் நோட்டீஸின் நகல் அந்த மாவட்டத்துக்கும் போய் அங்கேயும் ஒட்டப்படும். பாலக்காட்டில் கொடுத்தது பொள்ளாச்சியில் தெரியாது என்று நினைக்காதீர்கள். கேரளத்தில் இந்த நோட்டீஸ்களை இணையதளத்தில் போடுவதை 2020-ல் நிறுத்திவிட்டார்கள், பலகையில் ஒட்டுவது தொடர்கிறது. வீட்டில் எதிர்ப்பு இருந்தால் அந்த 30 நாளும் எங்கே தங்குவது, யாரிடம் பேசுவது என்பதை நோட்டீஸ் கொடுக்கும் முன்பே யோசித்துவிடுங்கள். மிரட்டல் வந்தால் போலீஸில் எழுத்துமூலம் கொடுங்கள்.

பிளாஸ்டிக், குப்பை விஷயத்தில் கேரளத்தில் கெடுபிடியாமே?

ஆமாம். நூறு பேருக்கு மேல் கூடுகிற நிகழ்ச்சி என்றால் குறைந்தது மூன்று நாள் முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பை எடுக்கக் கட்டணம் கட்ட வேண்டும். ஆடிட்டோரியத்தில் பெரும்பாலும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். வீட்டுப் பந்தல் என்றால் நீங்கள்தான். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் கப், பிளாஸ்டிக் தடவிய பேப்பர் இலை எதுவும் வேண்டாம். தமிழ்நாட்டிலும் 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடைதான், பிடிப்பதில் வித்தியாசம் உண்டு, அவ்வளவுதான். கோவையில் மொத்தமாக வாங்கிய கப் மூட்டையை வண்டியில் ஏற்றி வந்து இங்கே மாட்டிக்கொள்ளாதீர்கள். எவர்சில்வர் டம்ளர் வாடகைக்குத் தாராளமாகக் கிடைக்கும்.

மழை, காற்று, ஹர்த்தால்?

கணவாய் ஊரில் பந்தல் போடுகிறோம் என்பதை அலங்காரக்காரர்கள் மறந்துவிடுவார்கள். பாலக்காட்டுக் கணவாய் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலம். ஆனி, ஆடி, ஆவணியில் மேற்கிலிருந்தும், கார்த்திகை முதல் தை வரை கிழக்கிலிருந்தும் காற்று அதன் வழியாகப் பிய்த்துக்கொண்டு வரும். துணி வளைவு, பலூன் கோபுரம், பெரிய பிளெக்ஸ் எல்லாம் முற்றத்தில் நிற்காது. தகரப் பந்தல், ஆழமாக நட்ட கால், பக்கவாட்டில் கட்டு கயிறு. பங்குனி, சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. அந்த மாதங்களில் பட்டு வேட்டிக்காரரை ஓம குண்டத்துக்கு முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார வைக்காதீர்கள், மேடையில் இரண்டு பெரிய ஏர்கூலர் இருக்கட்டும்.

ஹர்த்தாலுக்கு, அதாவது முழு அடைப்புக்கு, ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2019-ல் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் திடீரென்று வரத்தான் செய்கிறது. கல்யாண வண்டிகளைப் பொதுவாக விட்டுவிடுவார்கள். கண்ணாடியில் "கல்யாணம்" என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டி, உள்ளே பத்திரிகை வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டு, பேண்டு எத்தனை மணி வரை?

இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, இரண்டு மாநிலத்திலும். மூடிய ஹாலுக்குள் பரவாயில்லை.

நாங்களே எல்லாம் செய்தால் பெரியவர்கள் மனம் நோகாதா?

நோகும். ஆளுக்கு ஒரு பொறுப்பைப் பெயர் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். "மாமா, பந்தி உங்க பொறுப்பு. நீங்க சொன்னாத்தான் சமையல்காரர் கேப்பாரு" என்றால் மாமா மூன்று மாதத்துக்கு வேறு எதிலும் தலையிட மாட்டார். சீர்த் தட்டு அத்தைக்கு. மாப்பிள்ளை அழைப்பு பெரியப்பாவுக்கு. அந்தப் பக்கத்துப் பெரியவர்களை அம்மாவன், சேட்டன், சேச்சி என்று அவர்கள் வழக்கத்தில் கூப்பிட நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், பாதி வேலை அதிலேயே முடியும்.

பணம், மண்டபம், சமையல் ஒப்பந்தம் மூன்றும் மட்டும் உங்கள் இருவர் கையிலேயே இருக்கட்டும். இரண்டு பேர் தனித்தனியாகச் சமையல்காரருக்கு ஆள் கணக்குச் சொன்ன கல்யாணத்தில் சாதம் மிஞ்சும், சாம்பார் தீர்ந்திருக்கும்.

கல்யாணத்தன்று நாங்கள் மேடையில் இருப்போமே, கீழே யார் பார்ப்பது?

மூன்று நாள் முன்பே கையைக் கழுவிவிடுங்கள். ஒரே ஒரு ஆள், உங்கள் வயதுக்காரர், தமிழும் மலையாளமும் சரளமாகப் பேசுகிறவர், மேடைக்கு வர ஆசைப்படாதவர் வேண்டும். சமையல், வண்டி, பூ, நாதஸ்வரம், போட்டோ, ஜெனரேட்டர் எல்லோரின் போன் நம்பரும், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். பாக்கித் தொகையைக் கவரில் போட்டுப் பெயர் எழுதியும் கொடுத்துவிடுங்கள். அவருக்கு ஒரு நல்ல வேட்டி எடுத்துக் கொடுங்கள், முதல் பந்தியிலேயே சாப்பிட வைத்துவிடுங்கள்.

மிஞ்சிய சாப்பாட்டை என்ன செய்வது?

முதல் நாளே பக்கத்து முதியோர் இல்லத்திலோ அனாதை ஆசிரமத்திலோ பேசி வையுங்கள். எத்தனை மணிக்குள் கொண்டு வந்தால் எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் மூன்று மணிக்கு மேல் அவியல் தாங்காது, தேங்காய் போட்டதெல்லாம் முதலில் புளிக்கும். சாதம், சாம்பார், பாயசம் இவற்றைத் தனிப் பாத்திரத்தில் இரண்டரை மணிக்குள் அனுப்பிவிடுங்கள். பாத்திரம் மண்டபத்துக் கணக்கில் வருமே, திரும்பி வந்ததா என்று எண்ணி வாங்க ஒரு ஆளையும் கூடவே அனுப்புங்கள்.